பால்கனிக் கதவைத் திறந்தால் பக்கத்துக் கப்பல்!

ஐரோப்பிய ஆறுகளில் ஓடும் சொகுசுக் கப்பல்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ரைன், டான்யூப் வழித்தடங்களில் குழுக்களை அழைத்துச் செல்லும் பயண வழிகாட்டி பதிலளிக்கிறார்.

கேள்வி: கடல் கப்பலில் போயிருக்கிறோம். ஆற்றுக் கப்பலிலும் கேசினோ, நாடக அரங்கம் எல்லாம் இருக்குமா?

இருக்காது. ரைன், டான்யூப் ஆறுகளில் ஓடும் பெரிய கப்பல்கள் 135 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம். வழியில் கப்பலை ஏற்றி இறக்கும் மதகு அறைகள் பலவற்றின் அகலம் 12 மீட்டர்தான். அதற்குள் நுழைய வேண்டுமென்றால் ஒல்லியாக இருந்தே ஆக வேண்டும். ஆகவே சுமார் 190 பேர், ஓர் உணவுக்கூடம், ஒரு கூடம், ஒரு மொட்டைத்தளம். இரவில் யாராவது பியானோ வாசிப்பார். பத்து மணிக்குக் கூடம் பாதி காலியாகிவிடும். இரவில்தான் வாழ்க்கையே தொடங்குகிறது என்பவர்கள் கடலுக்கே திரும்புவது நல்லது. ஒரு லாபம்: அலை இல்லை, குமட்டலும் இல்லை.

கேள்வி: ‘பிரெஞ்சு பால்கனி’ அறைக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

அது பால்கனியே அல்ல. தரையிலிருந்து உயரும் கண்ணாடிக் கதவு, அதன் முன்னால் ஒரு கம்பித் தடுப்பு, அவ்வளவுதான். நாற்காலி போட இடம் கிடையாது. காற்று வரும், வெளிச்சம் வரும். அதற்காகக் கொடுக்கலாம், காட்சிக்காக என்றால் யோசியுங்கள். வியன்னா, புடாபெஸ்ட் போன்ற நகரங்களில் கரையில் இடம் போதாமல் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவார்கள். நீங்கள் திரைச்சீலையை விலக்கினால் எதிரே வேறொருவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். கரைக்குப் போகவும் அந்தக் கப்பலின் வரவேற்பறை வழியாகத்தான் நடக்க வேண்டும்.

அடித்தளத்து அறைகள் மலிவு. ஜன்னல் சுவரின் மேற்பகுதியில், வெளியே நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும், திறக்க முடியாது. தூங்க மட்டும்தான் அறைக்குப் போவேன் என்றால் அதுவே போதும். பின்கோடியில் மட்டும் வேண்டாம், இயந்திரம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: விளம்பரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

மெத்தையையும் ஒயின் பட்டியலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கப்பல் பகலில் எந்த இடத்தைக் கடக்கிறது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இரவில் ஓட்டி, பகலில் நகரத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆற்றுப் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டு, ஆற்றைத் தூக்கத்திலேயே கடந்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ரைனில் பிங்கன், ரூடெஸ்ஹைம் தொடங்கி கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர், 2002-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு. வளைவுக்கு வளைவு ஒரு கோட்டை. 132 மீட்டர் உயர லோரலை பாறையின் அடியில் ஆறு ஒடுங்கித் திரும்பும். அந்தத் தடத்தில் பாலம் ஒன்றுகூட இல்லை. கார்களும் படகில்தான் அக்கரை போகும். டான்யூபில் மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவே வாகாவ் பள்ளத்தாக்கு: திராட்சைத் தோட்டங்கள், கல் அடுக்கிக் கட்டிய படிவரப்புகள். இவ்விரண்டையும் பகலில் கடக்காத பயணத்திட்டத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. அன்று மதியம் அறைக்குள் தூங்காமல் மொட்டைத்தளத்தில் உட்காருங்கள்.

ரைனில் கலக்கும் மைன் ஆற்றின் வழியாக இரண்டு ஆறுகளையும் இணைக்கும் மைன்–டான்யூப் கால்வாய் 1992-இல் முடிந்தது. அதில் கப்பல் படிப்படியாக ஏறி, கடல்மட்டத்துக்கு மேல் 406 மீட்டர் உயரத்துக்குப் போய் மறுபக்கம் இறங்கும். தாழ்ந்த பாலங்கள் வரும்போது கப்பலை ஓட்டும் அறையே கீழே இறங்கிவிடும், கைப்பிடிகள் மடங்கும், மேல்தளத்தை மூடிவிடுவார்கள். இரவில் மதகுச் சுவரில் கப்பல் உரசும் சத்தம் கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை. மெல்லிய தூக்கம் என்றால் காதுப் பஞ்சு எடுத்துப் போங்கள்.

கேள்வி: ‘எல்லாம் அடக்கம்’ என்றால் உண்மையிலேயே எல்லாமா?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அறை, மூன்று வேளை உணவு, ஊருக்கு ஒரு வழிகாட்டிச் சுற்றுலா பெரும்பாலும் உண்டு. மதியமும் இரவும் உணவோடு ஒயின், பீர் பல கப்பல்களில் உண்டு. ஊழியர்களுக்கான டிப்ஸ் சேர்ந்ததா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; கடைசி இரவில் முகம் சுளிப்பது அங்கேதான். உணவில் விலக்கு ஏதும் இருந்தால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். சமையலறை சிறியது.

கேள்வி: என் மாமியாருக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போகலாம், விசாரித்துவிட்டு. பல கப்பல்களில் லிஃப்ட் மொட்டைத்தளத்துக்குப் போகாது; சிலவற்றில் அடித்தளத்துக்கும் இறங்காது. நீர்மட்டம் மாறினால் கரைக்குப் போடும் நடைப்பலகை செங்குத்தாகிவிடும். பழைய நகரங்களின் தெருக்களெல்லாம் கல் பாவியவை. மெதுவாக நடப்பவர்களுக்குத் தனிக் குழு உண்டா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் ஏற்பாடு செய்கின்றன. அவருக்கு விருப்பமில்லாத நாளில் கப்பலிலேயே இருக்கட்டும், வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி: ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால்?

2018 அக்டோபரில் ரைன் கரையில் காவுப் என்ற ஊரில் நீர்மட்டம் காட்டும் அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. 2013 ஜூனில் ஜெர்மனியின் பாஸாவில் டான்யூப் 12.89 மீட்டருக்கு எழுந்தது. குறைந்தால் தரை தட்டும்; கூடினால் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. அப்போது பஸ்ஸில் ஏற்றி, தடைக்கு அப்பால் நிற்கும் அதேபோன்ற இன்னொரு கப்பலில் சேர்ப்பார்கள், அல்லது ஹோட்டலில் தங்கவைப்பார்கள். ஒப்பந்தத்தில் இதற்கு இடம் வைத்திருப்பார்கள் என்பதால் பணம் திரும்பும் என்று நம்பியிராதீர்கள்.

டான்யூபில் சிக்கலான இடம் ஸ்ட்ராபிங்குக்கும் வில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவே. அங்கே நீரைத் தேக்க அணை இல்லை. ஆகவே அந்த இடத்தைத் தாண்டிக் கீழே இருக்கும் பாஸாவில் ஏறி புடாபெஸ்ட்டில் இறங்கும் பயணத்தை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கோட்டு, சூட்டு கட்டாயமா?

இல்லை. காலர் வைத்த சட்டை போதும். பெட்டியில் மிச்சமாகும் இடத்தில் ஒரு தடித்த ஸ்வெட்டரை வையுங்கள். கப்பல் ஓடும்போது மொட்டைத்தளத்தில் காற்று வெடவெடக்க வைக்கும்.