ஏழைக் குடும்பங்களுக்குக் கோழிகளைக் கொடுப்பது உண்மையில் உதவுமா?

வறுமையில் இருக்கும் குடும்பத்துக்குக் கோழிகளை வாங்கிக் கொடுத்தால் அது நிலைத்த உதவியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும் என்பதே என் பதில். ஆனால் நானும் நண்பர்களும் முதல்முறை கொடுத்த கோழிகளில் பெரும்பாலானவை ஆறு மாதம்கூடத் தங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது, தென்னையும் கூரையும் போன வீடுகளில் கொல்லைக் கோழிகளும் மடிந்தன. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கோ மருந்துக்கோ அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் ஒரு சேவலை விற்றுச் சமாளித்துவந்த பெண்களுக்கு, அது சிறுசேமிப்பு முழுவதும் அழிந்ததற்குச் சமம். ஆகவே அடுத்த தை மாதத்தில் இருபது வீடுகளுக்கு, வீட்டுக்குப் பத்து வீதம், பொரித்து ஒரே நாளான குஞ்சுகளைக் கொடுத்தோம். தார்ப்பாயே கூரையாக இருந்த வீடுகளில் அவற்றுக்கு வெப்பம் தர யாரால் முடியும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. பனியில் சில, காக்கைக்கும் கீரிக்கும் சில போக, மிஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றைச் சித்திரையில் வெள்ளைக்கழிச்சல் நோய் கொண்டுபோயிற்று. "கொடுக்காமலே இருந்திருக்கலாம் தம்பி, பிள்ளைகள் அழுதுகொண்டே புதைத்தார்கள்" என்று ஓர் அம்மா சொன்னது இன்றும் எனக்கு வலிக்கிறது.

ராணிக்கெட் எனப்படும் அந்த நோய் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தில்லை. தடுக்க மட்டுமே முடியும். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கு அடியில் ஓர் ஊசி, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தடுப்பு மருந்துக் குப்பி நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமான அளவில்தான் கிடைக்கிறது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்த பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் இதைத் தனியாகச் செய்யவே இயலாது. தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துவது வழக்கம் என்பதைக்கூட அப்போது நாங்கள் விசாரித்திருக்கவில்லை.

அடுத்த முறை முதலில் தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்தோம். கோழிகளைத் திறந்துவிடும் முன்பாக, விடியற்காலையில், எங்களிடம் வாங்காத வீடுகளையும் சேர்த்துத் தெரு முழுவதும் ஊசி போடப்பட்டது. அதன் பிறகே இரண்டு மாதம் வளர்ந்த, ஊசி போட்ட சிறுவிடை என்னும் நாட்டுக் கோழிகளை, வீட்டுக்கு நான்கு பெட்டை, ஒரு சேவல், அவற்றை அடைக்கும் கூடையான ஒரு பஞ்சாரம் என்று கொடுத்தோம். வனராஜா போன்ற இனங்கள் முட்டை அதிகம் இடும். ஆனால் அவை பெரும்பாலும் அடையில் உட்காருவதில்லை. சிறுவிடையோ பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்தால் 21 நாளில் பொரித்து, குஞ்சுகளைத் தானே காத்து வளர்க்கும்.

வேண்டுமா என்று கேட்பதும் அவசியம். 2016இல் பில் கேட்ஸ் ஏழை நாடுகளுக்கு ஒரு லட்சம் கோழிகளை வழங்க முன்வந்தபோது, ஏற்கெனவே பெரிய கோழித் தொழில் கொண்ட பொலிவியா அதை அவமதிப்பாகக் கருதி மறுத்துவிட்டது. எங்களிடமும் மூன்று வீட்டார், பக்கத்துத் தோட்டக்காரரோடு சண்டை வரும் என்று மறுத்தார்கள். அவர்களுக்குப் பணமாகவே கொடுத்தோம்.

எங்கள் ஊர்ப்பக்கம் பெட்டைக்கோழியை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடும் பழக்கம் உண்டு. பொரிக்கும் குஞ்சுகளில் பாதி உடையவருக்குச் சேரும். அந்தத் தெருப் பெண்கள் அதையே சற்று மாற்றி, முதல் ஈட்டுக் குஞ்சுகளில் இரண்டு பெட்டைகளைக் கோழியில்லாத ஒரு வீட்டுக்குக் கொடுப்பதென்று தாங்களாகவே முடிவு செய்தார்கள். மூன்றாம் ஆண்டில் நான் போனபோது, எங்கள் பட்டியலில் இல்லாத பதினொரு வீடுகளின் கொல்லையில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.