நிலக்கடலைக்குள் துவரை போட்டால் கடலை விளைச்சல் குறையாதா?

பெரிதாகக் குறையாது, வரிசை நெருக்கமாகப் போடாத வரைக்கும். மானாவாரியில் ஆறு வரிசை கடலைக்கு ஒரு வரிசை துவரை என்பது பழகிய கணக்கு.

துவரை ஆரம்பத்தில் படு மந்தம். முதல் ஒன்றரை மாதம் ‘இதெல்லாம் எங்கே தேறப் போகிறது’ என்று தோன்றும். அந்த நேரத்தில் கடலை தன் பாட்டுக்கு வளர்ந்துவிடும். சுமார் 105, 110 நாளில் கடலையைப் பிடுங்கிய பிறகுதான் துவரை விரிந்து கிளைக்கும். நீண்டகால ரகம் என்றால் ஆடியில் விதைத்தது தை, மாசி வரை நிற்கும்.

வேரிலும் மோதல் குறைவு. துவரையின் ஆணிவேர் கடலை வேரைவிட ஆழமாக இறங்கி, மழை நின்ற பிறகும் அடி ஈரத்தை உறிஞ்சும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். செம்மண்ணில் அது இரும்போடு பிணைந்து கிடக்கும். பல பயிர்களால் எடுக்க முடியாது. துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைக் கசியவிட்டு, இரும்பைப் பிடித்துக்கொண்டு மணிச்சத்தை விடுவிக்கும். 1990-இல் ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் கண்டறிந்தது இது. உதிரும் இலையும் மண்ணுக்கே உரம். தழைச்சத்து (நைட்ரஜன்)? பயறு வகைதானே, வேர் முடிச்சு பார்த்துக்கொள்ளும்.

கடலை எடுத்ததும் துவரையை மறந்துவிடாதீர்கள். பூக்கும்போது காய்ப்புழு வரும். காயில் வட்டமாக ஓட்டை போட்டு, தலையை உள்ளே விட்டு, உடம்பை வெளியே வைத்தபடி பருப்பைத் தின்னும். கடலை விளைச்சலில் வரும் நஷ்டத்தைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.