எல்லாம் ஒரே மெட்டு போலக் கேட்கிறதே?

கேள்வி: ஐரிஷ் பாரம்பரிய வாத்திய இசையைக் கேட்டுப் பழக ஆசை. இசை ஆப்பில் ‘கெல்டிக் இன்ஸ்ட்ருமென்டல்’ என்று தேடினால் வருகிற பட்டியல்களைத்தான் கேட்கிறேன். பாதி, தூங்க வைக்கிற இசை. மீதி ஒரே ஓட்டமாக ஓடுகிறது; எங்கே ஒரு மெட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: முதலில் அந்தப் பட்டியல்களை அழித்துவிடுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

ஒரே மாதிரி கேட்பதில் உங்கள் காதின் குற்றம் எதுவும் இல்லை. டின் விசில் (தகரக் குழல்), மரப் புல்லாங்குழல், இல்லன் பைப்ஸ் (துருத்தியால் இயங்கும் ஐரிஷ் குழல் வாத்தியம்) மூன்றும் பெரும்பாலும் டி சுருதியில் செய்யப்படுபவை. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய இரண்டு ஸ்தாயிதான் எட்டும். ஃபிடில் என்பது வயலினேதான். அதற்கு வீச்சு அதிகம், ஆனால் மற்றவற்றோடு சேர்ந்து வாசிப்பதால் அதுவும் அந்த எல்லைக்குள்ளேயே புழங்குகிறது. ஐந்து பேர் உட்கார்ந்தாலும் ஐந்து பேரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

மெட்டின் கட்டு எளியது. பெரும்பாலும் இரண்டு பகுதி. முதல் பகுதி இரண்டு முறை, அடுத்த பகுதி இரண்டு முறை. இரண்டாம் பகுதி பெரும்பாலும் மேல் ஸ்தாயிக்கு ஏறும், அதுதான் அடையாளம். இது ஒரு சுற்று. ஆட்டத்துக்கான வேகத்தில் 30 முதல் 35 விநாடி ஆகும். இரண்டு அல்லது மூன்று சுற்று வாசித்துவிட்டு, மூச்சுவிடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். ஆகவே ஒன்றே கால் நிமிடத்துக்குள் ஒரு மாற்றம் வருகிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் ஒன்றே முக்கால் நிமிடத்தை ஒட்டி வரும். தலைப்பில் சாய்கோடு போட்டு மூன்று பெயர் இருந்தால், ஒரே தடத்தில் மூன்று மெட்டு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆட்ட மெட்டுகளின் வகையைத் தாளத்தால் பிரிக்கலாம்; தாளத்தை வாயால் சொல்லிப் பாருங்கள். ‘தகிட தகிட’ பொருந்தினால் ஜிக். ‘தகதிமி தகதிமி’ என்று ஓடினால் ரீல். தகிட மூன்று மூன்றாக விழுந்தால் ஸ்லிப் ஜிக். இப்போதைக்கு இந்த மூன்று போதும். பயிற்சிக்குப் பாத்தி பேண்ட் குழுவின் 1975 ஆல்பத்தில் முதல் தடத்தைப் போடுங்கள். கெஷ் என்ற ஜிக்கில் தொடங்கி, ஸ்லிப் ஜிக்குக்கு மாறி, ரீலில் போய் முடியும். வாய் தானாகத் தடுக்குகிற இடத்தில்தான் மெட்டு மாறியிருக்கிறது.

ஆனால் தினமும் கேட்க அது வேண்டாம்; பூசோக்கி என்ற நீண்ட கழுத்துத் தந்தி வாத்தியமும் கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து மெட்டை மூடிவிடும். மார்ட்டின் ஹேய்ஸின் ஃபிடிலும் டெனிஸ் கேஹிலின் கிட்டாரும் மட்டும் உள்ள 1997 ஆல்பம், ‘தி லோன்சம் டச்’, உங்களுக்குச் சரி. மேற்கு அயர்லாந்தில் கிளேர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதிப் பாணி, நிதானமான ஓட்டம், கிட்டார் எண்ணி எண்ணித்தான் பேசும். அடுத்து டெனிஸ் மர்ஃபி, ஜூலியா கிளிஃபர்ட் என்ற அண்ணன் தங்கையின் 1969 பதிவு, ‘தி ஸ்டார் அபவ் த கார்ட்டர்’. கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லையில் உள்ள ஷ்லீவ் லூக்ரா பகுதியின் போல்காக்கள் (இரண்டு அடித் தாள ஆட்ட மெட்டுகள்) அதில் உண்டு. பக்கவாத்தியம் இல்லாத ஃபிடில்கள். ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை. மூன்றாவதாக, வில்லி கிளான்சியின் இல்லன் பைப்ஸ். இது ஸ்காட்லாந்து ராணுவ வாத்தியம் அல்ல. உட்கார்ந்து, முழங்கைக்கு அடியில் துருத்தியை அமுக்கி, வீட்டுக்குள் வாசிப்பது. இந்த மூன்றையும் ஒரு மாதம் கேளுங்கள். நாலாவதைத் தேடாதீர்கள்.

இனி அந்தப் பட்டியல்கள். பழைய மெட்டுகளுக்கு உரிமை கொண்டாட ஆள் இல்லை. யார் வேண்டுமானாலும் சிந்தசைசரில் வாசித்து, ‘எங்கள் இசைக்கோர்ப்பு’ என்று பதிவு செய்து, உரிமைத்தொகையை வாங்கலாம். அதனால்தான் இந்தத் தொகுப்புக் கடை இத்தனை செழிக்கிறது. அட்டையில் பனிமூடிய மலை, பின்னல் கோலம், பெயரில் ‘மாயம்’, ‘நிம்மதி’ என்று ஏதாவது ஒன்று. வாசித்தவர் பெயர் இருக்காது. மூன்றே கேள்வி கேளுங்கள்: யார் வாசிக்கிறார், என்ன வாத்தியம், மெட்டின் பெயர் என்ன? ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லாவிட்டால் மூடிவிடுங்கள். பெயர் போட்ட நல்ல ஆல்பங்களையும் ஆப்காரர்கள் விட்டுவைப்பதில்லை. எந்த மெட்டை யாரிடம் கற்றார் என்று இசைத்தட்டோடு வந்த குறிப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டு, அட்டைப் படத்தை மட்டும் காட்டுகிறார்கள். பாதி அறிவு அந்தக் குறிப்பில்தான் இருந்தது. டப்ளினில் 1987 முதல் இயங்கும் ஐரிஷ் பாரம்பரிய இசை ஆவணக் காப்பகம் தன் இணையதளத்தில் பழைய பதிவுகளைப் பெயர் விவரத்தோடு இலவசமாகத் தருகிறது. அங்கே போங்கள்.

மேலே சொன்ன கணக்கு எதற்கும் அடங்காத ஒன்று உண்டு: ஸ்லோ ஏர். இதில் பலரும் குழம்புவதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இது ஆடுவதற்கான மெட்டு அல்ல. பெரும்பாலும் ஐரிஷ் மொழிப் பாடலின் மெட்டை, சொல் இல்லாமல் வாத்தியத்தில் வாசிப்பது. பாட்டில் ஒரு சொல் எங்கே இழுபடுமோ, அங்கே வாத்தியமும் இழுபடும். அதனால் தகிடவும் நிற்காது, தகதிமியும் நிற்காது, எண்ணினால் தோற்பீர்கள். ஆலாபனை என்றும் நினைக்காதீர்கள். மெட்டு முன்பே முடிவானது. வாசிப்பவர் கற்பனையாக விரிப்பதில்லை, அலங்காரங்களையும் இழுப்பையும் மட்டுமே மாற்றுகிறார். பெரும்பாலும் ஒருவர் தனியாகத்தான் வாசிப்பார். பின்னால் ‘டம் டம்’ என்று டிரம் கேட்டால், யாரோ அதைத் தாளத்துக்குள் அடைத்துவிட்டார்கள் என்று பொருள். மெதுவாக இருப்பதெல்லாம் ஸ்லோ ஏரும் அல்ல. பார்வையற்ற யாழ் கலைஞர் ஓ’கரோலன் (1670–1738) இயற்றியவற்றையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள்; அவற்றுக்குத் தெளிவான தாளம் உண்டு.

மைக்கேல் கோல்மனின் நியூயார்க் பதிவுகளைக் கேட்கச் சொல்லி எல்லோரும் உங்களை நெருக்குவார்கள். அயர்லாந்தின் ஸ்லைகோவிலிருந்து போனவர், 1920களில் பதிவு செய்தவர், இன்றைய ஃபிடில் வாசிப்பையே மாற்றியவர். எல்லாம் சரி. ஆனால் தேய்ந்த தட்டின் இரைச்சல் ஒருபக்கம், மெட்டுக்குச் சம்பந்தமில்லாமல் தட்டுகிற பியானோ மறுபக்கம். மெட்டு மாறுகிற இடத்தை நீங்களே பிடிக்கத் தொடங்கிய பிறகு அவரிடம் போங்கள். ‘கெல்டிக்’ என்ற பெயரில் வரும் ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டான ஸ்ட்ராத்ஸ்பே, பிரான்சின் பிரிட்டனிப் பகுதி ஊதுகுழலான பொம்பார்ட் இரண்டும் அதற்கும் பிறகு. அவற்றுக்குக் கணக்கே வேறு.