ஐயரிடம் கேளுங்கள்: இரட்சிக்கப்பட நான் என்ன செய்யவேண்டும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. எனவே இந்த இதழின் பக்கம் முழுவதும் அதற்கே.

ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு வயது 70-ஐத் தாண்டிவிட்டது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, பிறகு வளர்ந்ததும் விசுவாசத்தைச் சொந்தமாக அறிக்கையிடுகிற திடப்படுத்தலும் எடுத்தவள். இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் போகிற சபையில், "தெளிப்பு ஞானஸ்நானம் செல்லாது, முழுக்கு எடுக்காதவர்களுக்கு இரட்சிப்பு இல்லை" என்கிறார்கள். மருமகளும் தினமும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு மூச்சிரைப்பு உண்டு. தண்ணீரில் இறங்கவே பயம். நான் நரகத்துக்குப் போய்விடுவேனா?
— ஒரு வாசகி, நாசரேத் அருகே

போகமாட்டீர்கள் அம்மா. மற்றதை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதை வாசித்துவிட்டு இன்று இரவு நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்களிடம் எந்த வசனத்தைக் காட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மாற்கு 16:16. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்பதோடு அந்த வசனம் நின்றுவிடவில்லை. "விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்" என்று முடிகிறது. ஞானஸ்நானம் பெறாதவன் என்றுகூட அங்கே இல்லை. அப்படியிருக்க, பெற்றுவிட்ட ஞானஸ்நானத்தில் தண்ணீர் குறைந்துபோனவர்களைப் பற்றி அது என்ன சொல்லப்போகிறது? சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் தொட்டியும் இல்லை, ஆறும் இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு மட்டும் இருந்தது, அது போதுமானதாயிருந்தது.

சரி, தண்ணீரின் அளவுக்கு வருவோம். ஆதிச்சபையிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய கைநூல்களில் ஒன்று 'டிடாக்கே'. ஞானஸ்நானத்தை ஓடுகிற தண்ணீரில் கொடுங்கள் என்கிறது அது. ஓடுகிற தண்ணீர் இல்லையா, வேறு தண்ணீரில் கொடுங்கள். குளிர்ந்த தண்ணீர் முடியாதா, வெந்நீரில் கொடுங்கள். எதுவும் போதுமான அளவு இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள். உங்களைப்போல உடம்புக்கு முடியாதவர்களை நினைத்துத்தான் அந்த வெந்நீரைச் சேர்த்தார்களோ என்று எனக்குத் தோன்றும். அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி வாழ்ந்த சபை இவ்வளவு இரக்கமாக இருந்திருக்கிறது.

இனி உங்கள் மகனுடைய பக்கத்தையும் நான் நியாயமாகச் சொல்லவேண்டும். சொந்தமாக விசுவாசித்த பிறகுதான் ஞானஸ்நானம் என்கிற கொள்கை, நம்மூரில் சிலர் நினைப்பதுபோல நேற்று வந்ததல்ல. 1525 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு வீட்டில் கூடியவர்கள், குழந்தையில் பெற்றதை விட்டுவிட்டுப் பெரியவர்களாக மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸை, 1527 ஜனவரியில், கைகளை முழங்காலோடு சேர்த்துக் கட்டி லிம்மட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றது கத்தோலிக்கர்கள் அல்ல. சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்ட, குழந்தை ஞானஸ்நானம் கொடுத்துவந்த நகரசபை. "விசுவாசம் அவனவன் சொந்தமாக எடுக்கிற தீர்மானம்" என்று சொன்னதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். உங்கள் மகனுடைய சபை அந்த வழியில் நிற்கிறது. அதை இளக்காரமாகப் பேசாதீர்கள்.

ஆனால் அவனுடைய சபையில் பிரசங்கிக்கிறவர் அந்த வழியையும் மீறிப் பேசுகிறார். அசெம்பிளீஸ் ஆஃப் காட் உள்பட பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளின் உபதேசப்படி, ஞானஸ்நானம் இரட்சிப்பைக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே இரட்சிக்கப்பட்டவர் கீழ்ப்படிந்து கொடுக்கிற சாட்சி அது. பாவமன்னிப்புக்கு முழுக்கு அவசியம் என்று அப்போஸ்தலர் 2:38-ஐக் காட்டிப் போதிப்பவை சர்ச் ஆஃப் கிறைஸ்ட் போன்ற சில சபைகள். கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஞானஸ்நானத்தில் தேவன் மறுபிறப்பையே தருகிறார் என்று நம்புகிறவர்கள். அவர்களும்கூட, கிடைக்காமல் போனவனைத் தள்ளிவிடுவதில்லை. இரட்சிப்பை ஞானஸ்நானத்தோடு கட்டிவைத்த தேவன், தாம் அதற்குக் கட்டுப்பட்டவரல்ல என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலே சொல்கிறது.

நான் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளில் பலர் தாயின் கையில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தலையில் தண்ணீர் பட்டதும் முகத்தைச் சுளித்து, கையை உதறி, அழுதுவிட்டு, மறுபடியும் தூங்கிப்போவார்கள். அந்தப் பிள்ளை செய்தது ஒன்றுமே இல்லை. தேவன் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். உங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. மகனிடம் கோபப்படாமல் அதைச் சொல்லுங்கள். பயந்துகொண்டு மட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள். பயமுறுத்தி வாங்குகிற சம்மதம், அந்தச் சபையார் போற்றுகிற சொந்தத் தீர்மானமும் ஆகாது.

நான் கத்தோலிக்கன். மனைவி வீட்டார் ஆவிக்குரிய (பெந்தெகொஸ்தே வகை) சபையைச் சேர்ந்தவர்கள். பார்க்கும்போதெல்லாம், "மாப்பிள்ளை, நீங்க எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டீங்க?" என்கிறார்கள். எனக்குச் சொல்லத் தேதி இல்லை. என்ன பதில் சொல்வது?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

தேதி வைத்திருப்பவர்கள் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று இரவு, ஏறக்குறைய ஒன்பது மணிக்குக் கால் மணி இருக்கும்போது, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தம் இருதயம் அனலானதை எழுதிவைத்தார். ரோமர் நிருபத்துக்கு, ஜெர்மனியின் சீர்திருத்தத் தலைவர் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் பேதுருவுக்கு எந்தத் தேதியைப் போடுவீர்கள்? வலையை விட்டு வந்த நாளா, "நீர் கிறிஸ்து" என்று அறிக்கையிட்ட நாளா, சேவல் கூவியதும் மனங்கசந்து அழுத இரவா? தீமோத்தேயுவுக்கோ தேதியே கிடையாது. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனுக்குள்ளும் இருக்கிறது என்கிறார் பவுல்.

உங்கள் திருச்சபையின் போதனையில் இரட்சிப்பு திருமுழுக்கில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் வளர்வது. சாவான பாவத்தால் இழக்கக்கூடியது, ஒப்புரவு அருட்சாதனத்தால் (குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறுவதால்) திரும்பப் பெறக்கூடியது. அதனால்தான் கத்தோலிக்கர் "எனக்கு முடிந்துவிட்டது" என்று சொல்லத் தயங்குகிறார்கள். கீழை ஆர்த்தடாக்ஸ் சபைகளோ, மனிதன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேவசாயலுக்கு மாறிக்கொண்டே போவதைத்தான் இரட்சிப்பு என்கின்றன. பவுலிடம் முடிந்தது, நடந்துகொண்டிருப்பது, இனி வரப்போவது என்று மூன்றும் இருக்கிறது. இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறார் எபேசியர் 2:8-இல். இரட்சிக்கப்படுகிற நமக்கு என்கிறார் 1 கொரிந்தியர் 1:18-இல். இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயம் என்கிறார் ரோமர் 5:9-இல். மூன்றையும் மாமனாரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்பது அன்பினால்தான் என்பதையும் மறக்காதீர்கள். தேதி இல்லாததில் குற்றமில்லை. இயேசுவிடம் பேசுவதே நின்றுபோயிருந்தால் மட்டும் அவருடைய கேள்வியை உங்கள் மனதுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காவிட்டால் இரட்சிப்பை இழந்துவிடுவோமா?
— ஒரு வாசகி, திசையன்விளை

இல்லை. அப்படிப் பிரசங்கிப்பது சுவிசேஷமே அல்ல. "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்பதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் சொன்ன அந்தப் பணத்தில் முதலில் மகளின் பள்ளிக்கட்டணத்தைக் கட்டுங்கள்.

பவுல் "விசுவாசத்தினாலே" என்கிறார். யாக்கோபு "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்கிறார். இரண்டும் வேதம். எதைப் பிடித்துக்கொள்வது?
— வேதாகமப் பள்ளி மாணவர், மார்த்தாண்டம்

தம்பி, இருவரும் யாரிடம் பேசுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். "விருத்தசேதனம் செய்யாவிட்டால் நீ தேவனுடைய ஜனம் இல்லை" என்று புறஜாதி விசுவாசிகளை நெருக்கியவர்களுக்கு எதிராகப் பவுல் பேசுகிறார். சகோதரன் வஸ்திரமில்லாமல் நிற்கும்போது, ஒன்றும் கொடுக்காமல், "சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு" என்று அனுப்பிவிடுகிறவனுக்கு எதிராக யாக்கோபு பேசுகிறார். ஆபிரகாமைத்தான் இருவரும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15. ஆபிரகாம் வெறுமனே நம்பிய இரவு. யாக்கோபு எடுப்பது ஆதியாகமம் 22. அந்த நம்பிக்கை வருடங்கள் கழித்து மோரியா மலையேறிய நாள்.

இது படிப்பறை விஷயம் மட்டுமல்ல. நான் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) செங்கல் சூளை நடத்துகிற ஒருவர் இருந்தார். சாட்சி சொல்ல எழுந்தால், "நான் கிரியையினால் அல்ல, கிருபையினால் இரட்சிக்கப்பட்டவன்" என்று கண்ணீரோடு சொல்வார். அவருடைய சூளையில் கல் சுமந்த ஒரு விதவை சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, விரலிடுக்கில் செம்மண். மூன்று வாரக் கூலி பாக்கி. மறுநாள் ஆராதனையில் நிருப வாசகத்துக்கு அவரையே அழைத்து, யாக்கோபு 5-ஐக் கொடுத்தேன். "வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்ற இடத்துக்கு வந்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது. திங்கட்கிழமை கூலி போய்ச் சேர்ந்தது.

அதே சேகரத்தில் ஒரு பாட்டியம்மா. வாழ்நாள் முழுக்கப் பெண்கள் ஐக்கியத்துக்கு உழைத்தவர். கடைசிப் படுக்கையில், "நான் இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே ஐயரே, இது போதுமா?" என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு எபேசியர் 2:8-ஐத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." இந்த இருவருக்கும் வசனத்தை மாற்றிக் கொடுத்திருந்தால் இருவரையும் கெடுத்திருப்பேன்.

வரலாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள், பரீட்சைக்கும் உதவும். லூத்தர் 1522-இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றே எழுதினார். கத்தோலிக்கர் கிரியையினால் இரட்சிப்பைப் போதிக்கிறார்கள் என்று நம் பக்கம் இன்றும் பிரசங்கிக்கிறோம். ஆனால் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547-இல் நீதிமானாக்கப்படுதல் (தேவன் மனிதனை நீதிமானாக ஏற்றுக்கொள்ளுதல்) பற்றி வெளியிட்ட விதிகளில் முதலாவதே, கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் தன் கிரியைகளால் மனிதன் நீதிமானாகலாம் என்பவனைச் சபிக்கிறது! விசுவாசம் மட்டும் போதும், வேறெதுவும் வேண்டாம் என்பவனையும் அதே சங்கம் சபித்தது என்பதும் உண்மை. பிறகு 450 ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31-இல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக மாமன்றமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நற்கிரியைகளுக்கு நம்மைப் பெலப்படுத்துகிறது என்பது அதன் சாரம். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் சேர்ந்துகொண்டார்கள். ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் இறையியல் பேராசிரியர்கள் பலர் எதிர்த்துக் கையெழுத்திட்டதும் நடந்தது. உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தபின் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் நிலை), இரட்சிப்பின் நிச்சயம் போன்றவற்றில் வேற்றுமை இன்னும் தீரவில்லை. இருந்தாலும் அந்த அறிக்கையை நான் சந்தோஷமாக ஏற்கிறேன். எபேசியர் 2:8, 9 மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் 10-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படித்தால் அதுதானே வருகிறது: நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம்.

என் குடும்பத்தில் நான் மட்டுமே கிறிஸ்தவள். அப்பா இந்துவாகவே போன வருடம் இறந்துவிட்டார். ஊரில் யார் பசி என்று வந்தாலும் சோறு போட்டு அனுப்பிய மனிதர். "உங்க அப்பா நரகத்தில்தான் இருப்பார்" என்று எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர் சொல்லிவிட்டார். அவருக்காக நான் ஜெபிக்கலாமா?
— ஒரு வாசகி, ராஜபாளையம்

மகளே, அந்த ஜெபக்குழுவில் அப்படிச் சொன்னவருக்கு அதைச் சொல்ல அதிகாரம் இல்லை. அப்போஸ்தலர் 4:12-ஐக் காட்டி, இயேசுவை அறிந்து விசுவாசித்தவர்களுக்கு மட்டுமே இரட்சிப்பு என்று பல சுவிசேஷ சபைகள் போதிக்கின்றன. அவர்கள் அதை மனப்பாரத்தோடுதான் சொல்கிறார்கள், சொல்லவும் வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை 1442-இல் புளோரன்ஸ் சங்கத்தில் திருச்சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு மீட்பு இல்லை என்று கடுமையாக எழுதியது. இரண்டாம் வத்திக்கான் சங்கமோ 1964-இல், தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், உண்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி வாழ முயன்றவர்களும் மீட்படைய முடியும் என்றது. நான் நிற்கிற இடம் இதுதான்: இரட்சிக்கிறவர் கிறிஸ்து ஒருவரே, அவர் யாரை எப்படி இரட்சிக்கிறார் என்பதற்கு நான் எல்லை கட்டமாட்டேன். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டது சோதோமுக்காக. உங்கள் அப்பாவுக்காக நீங்கள் கேட்கக்கூடாதா?

இறந்தவர்களுக்காக ஜெபிப்பது கத்தோலிக்கருக்கு வழக்கம். நம் சபைகளில் இல்லை. ஆனால் அதற்கான திருப்பலிகளை அவ்வளவு எதிர்த்த லூத்தரே, 1528-இல் எழுதிய விசுவாச அறிக்கையில், தனிமையில் இப்படி ஜெபிப்பது பாவமல்ல என்றார்: ஆண்டவரே, இந்த ஆத்துமா இரக்கம் பெறக்கூடிய நிலையில் இருந்தால் இரக்கமாயிரும். ஓரிரு முறை இப்படி ஜெபித்துவிட்டு, தேவனிடம் விட்டுவிடுங்கள் என்றும் எழுதினார். அப்படியே செய்யுங்கள். ஜெபக்குழுவில் யாரிடமும் சொல்லவேண்டிய அவசியமில்லை. அப்பாவின் பெயரைச் சொல்லியே ஜெபிக்கலாம்.