பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால்: வண்டிக்காரங்க கேள்விகளுக்குப் பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ்ல பாதிக்கு மேல இ20 பெட்ரோல் (கரும்பு, மக்காச்சோளத்துல இருந்து எடுக்குற எத்தனால்ங்கிற ஆல்கஹால் 20 சதவீதம் கலந்தது) பத்திதான், அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளி வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: அண்ணே, 2015 மாடல் 125 சிசி பைக் வெச்சிருக்கேன். மூணு வருஷம் முன்னாடி லிட்டருக்கு 55 குடுத்துச்சு, இப்ப 45 தாண்ட மாட்டேங்குது. மெக்கானிக்கு கிட்ட கேட்டா எல்லாம் எத்தனால் பண்ற வேலைங்கிறார், நெசமா?
- வாசகர், தர்மபுரி

பதில்: கொஞ்சம் நெசம், மீதிய வண்டியிலதான் தேடணும். ஒரு லிட்டர் சுத்த பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கு, எத்தனால்ல 21தான். 20 சதவீதம் கலந்தா மொத்தத்துல 7 சதவீதம் கிட்ட சக்தி குறையும். ஆனா மூணு வருஷம் முன்னாடி நீங்க போட்டதும் சுத்த பெட்ரோல் கிடையாது, 2022 ஜூன்லயே நாட்டோட சராசரி கலப்பு 10 சதவீதத்த தொட்டுருச்சு. அப்ப 10ல இருந்து 20க்கு போனதால மட்டும் உங்களுக்கு குறைய வேண்டியது மூணரை சதவீதம் மாதிரி, அதாவது 55 இருந்த இடத்துல 53. உங்களுக்கு குறைஞ்சிருக்கிறது 18 சதவீதம், அவ்வளவையும் எத்தனால் தலையில கட்ட முடியாது.

உங்க வண்டி கார்புரேட்டர் வண்டிங்கிறதால இன்னொரு விஷயம் இருக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியில சைலன்சர் பக்கம் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருந்து "காத்து ஜாஸ்தியா இருக்கு"ன்னு சொல்லும், கம்ப்யூட்டரு பெட்ரோல கூட்டிக்கும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, ஜெட் ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். அதனால கலவை லீனா போகும், அதாவது காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி, காலையில சோக் போட்டாலும் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஆக்சிலேட்டர் திருப்பினதும் ஒரு நொடி திணறி அப்புறம் இழுக்கும், ஆக்சிலேட்டர விட்டா சைலன்சர்ல டப் டப்னு வெடிக்கும், இன்ஜின் சூடும் கூடும். இதுல ரெண்டு மூணு உங்க வண்டியில இருந்தா கார்புரேட்டர நல்லா கழுவி மிக்சர் ஸ்க்ரூவ மறுபடி செட் பண்ணச் சொல்லுங்க, அதுலயும் சரியாகலன்னா மெயின் ஜெட்ட ஒரு சைஸ் பெருசா மாத்தலாம், தெரிஞ்ச மெக்கானிக்கா இருக்கணும்.

அதுக்கு முன்னாடி டயர் காத்து, செயின் டைட், ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ ஒட்டிக்கிட்டு இருக்கா, கிளட்ச் வழுக்குதான்னு பாத்துருங்க. பத்து வருஷ வண்டியில மைலேஜ் முதல்ல போறது இந்த வழியிலதான். அளக்கும்போது டேங்க் ஃபுல் பண்ணி ஓட்டி, அதே பங்க்ல அதே பம்ப்ல திரும்ப ஃபுல் பண்ணிக் கணக்கு போடுங்க, மீட்டர் முள்ளப் பாத்து சொல்ற மைலேஜ நம்ப வேணாம்.

கேள்வி: தென்னந்தோப்புல புல்லு வெட்ட பிரஷ் கட்டர் வாங்கினேன். சீசனுக்கு மட்டும்தான் எடுப்போம். இந்த வருஷம் எடுத்தா ஸ்டார்ட்டே ஆகல, கடையில காட்டினா பெட்ரோல் கெட்டுப்போச்சுன்னு சொல்லி கார்புரேட்டரையே மாத்தச் சொல்றாங்க. பெட்ரோல் கெட்டுப்போகுமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: கெட்டுப்போகும், இ20 அத இன்னும் வேகமா கெடுக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலால நெசமான சேதம் எங்கன்னு என்ன கேட்டா காரும் பைக்கும் ரெண்டாவதுதான், முதல் இடம் இந்த மாதிரி மாசக்கணக்குல சும்மா நிக்கிற சின்ன இன்ஜினுங்களுக்குத்தான், பிரஷ் கட்டர், மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், மரம் அறுக்குற செயின் சா, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், வாய்க்கால்ல தண்ணி இறைக்கிற மோட்டார். தினமும் ஓடுற பைக்குல வாரத்துக்கு ஒரு தடவை பெட்ரோல் மாறிக்கிட்டே இருக்கு, அதுக்கு கெட நேரமே இல்ல.

நடக்கிறது இதுதான். எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும். டேங்க் மூடியில காத்து போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பகல்ல சூடாகி ஆவி வெளிய போகும், ராத்திரி குளிர்ந்து ஈரக்காத்து உள்ள வரும், பாதி டேங்கோட வெச்சீங்கன்னா தினமும் இதேதான். ஒரு அளவு வரைக்கும் அந்தத் தண்ணிய எத்தனால் தன்னோட கரைச்சு வெச்சிருக்கும், அந்த அளவு தாண்டிருச்சுன்னா தண்ணியும் எத்தனாலும் கைகோத்துக்கிட்டு அடியில தனியா இறங்கிடும், மேல பெட்ரோல் மிதக்கும். இன்ஜினுக்கு போற டியூப் எடுக்கிறது அடியில இருந்து.

உங்க பிரஷ் கட்டர் 2டி ஆயில் கலந்து ஓடுற டூ ஸ்ட்ரோக்கா இருந்தா ஆபத்து இங்கதான் ஜாஸ்தி, அந்த ஆயில் பெட்ரோலோட மேலயே நின்னுடும், அடியில இருக்குற எத்தனால் தண்ணியில ஆயில் கிடையாது. அது உள்ள போய் இன்ஜின் ஓடுச்சுன்னா எண்ணெய் இல்லாம பிஸ்டன் தேஞ்சு சீஸ் ஆயிடும், அதாவது இறுகி நின்னுடும். அதனால ஸ்டார்ட் ஆகலன்னு கயித்த இழுத்துக்கிட்டே இருக்காதீங்க.

கார்புரேட்டர் மாத்துறதுக்கு முன்னாடி கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. உள்ள பச்சையும் வெள்ளையுமா பொடி பூத்திருக்கும், ஜெட்ல தேன் கலர்ல பிசின் மாதிரி ஒட்டியிருக்கும், டயஃப்ரம் ரப்பரு விறைச்சு விரல்ல மடக்கினா சரசரன்னு சத்தம் வரும். இது மட்டும்தான்னா கிளீனர் ஸ்பிரே அடிச்சு கழுவி, டயஃப்ரம் கேஸ்கெட் கிட் மட்டும் மாத்தினாலே முக்காவாசி மெஷின் எந்திரிச்சுடும், புது கார்புரேட்டர விட ரொம்ப கம்மியா முடியும். அலுமினியம் அரிச்சு குழி விழுந்திருந்தா மட்டும் மாத்துங்க. பெட்ரோல் டியூபையும் டேங்குக்குள்ள கிடக்குற ஃபில்டரையும் கூடவே பாத்துருங்க, பழைய ரப்பர் டியூப் எத்தனால்ல ஊறி உப்பி வெடிக்கும், எத்தனால் தாங்குற டியூப்னு கேட்டு வாங்குங்க.

இனிமே சீசன் முடிஞ்சதும் டேங்க காலி பண்ணிட்டு, மிச்சம் இருக்குறது தீந்து தானா நிக்கிற வரைக்கும் இன்ஜின ஓட விட்டு வையுங்க. ஆயில் கலந்து வெச்ச பெட்ரோல ஒரு மாசத்துக்கு மேல வெக்காதீங்க, அன்னன்னிக்கு தேவையானத மட்டும் கலக்குங்க. அமெரிக்காவுல 2001 மாடல்ல இருந்து வந்த காருக்கு 15 சதவீத எத்தனால் வரைக்கும் அனுமதிச்ச அரசாங்கமே புல்வெட்டி, செயின் சா, படகு மோட்டார், மோட்டார் சைக்கிளுக்கு அத போடக்கூடாதுன்னு வெச்சிருக்கு. நம்ம ஊர்ல பங்க்ல வர்றது 20, இந்த மெஷினுக்குன்னு தனியா ஒரு எச்சரிக்கை போர்டு கூட பங்க்ல கண்ணுல படல, விவசாயிங்க கைக்காச போட்டு இத கத்துக்கிறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

கேள்வி: 2019 கார். இ20 போட்டா இன்சூரன்ஸ் செல்லாதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. பயமா இருக்கு சார்.
- வாசகி, மதுரை

பதில்: பயப்படாதீங்கம்மா. இ20 போடுறதால இன்சூரன்ஸ் செல்லுபடிக்கு எந்த பாதிப்பும் இல்லன்னு பெட்ரோலியம் அமைச்சகம் 2025 ஆகஸ்ட்ல எழுத்துல அறிக்கை குடுத்திருக்கு. வாரண்டி வேற கதை, அது உங்க கம்பெனி மேனுவல்ல என்ன இருக்கோ அது. பெட்ரோல் மூடி உள்பக்கம் இ20 ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல ரப்பர், பிளாஸ்டிக், உலோகம் எல்லாம் இ20 தாங்குற மாதிரி போட்டிருப்பாங்க, உங்களோடது அதுக்கு முந்தினது, 10 சதவீதத்துக்கு பண்ணினது. உடனே ஒண்ணும் ஆகாது, ஆனா சர்வீஸ் விடும்போது ஃபியூல் ஹோஸ், ஓ ரிங், கேஸ்கெட் எல்லாம் பாத்து சொல்லுங்கன்னு ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க, வாய்ல சொல்றத விட எழுதினா செய்வாங்க. கார்ல பெட்ரோல் வாசனை வந்தா மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: பங்க்ல 20க்கு மேல கலக்குறாங்களோன்னு சந்தேகம். வீட்டுல எப்படி பாக்குறது?
- வாசகர், கடலூர்

பதில்: கோடு போட்ட கண்ணாடி அளவு குழாய் ஒண்ணு வேணும், லேப் சாமான் கடையில கிடைக்கும். 10 மில்லி தண்ணி ஊத்தி, மேல 100 மில்லி பெட்ரோல் ஊத்தி, மூடி நல்லா குலுக்கி, இடையில மூடிய லேசா திறந்து ஆவிய விட்டுட்டு, பத்து நிமிஷம் அசையாம வையுங்க. எத்தனால் பெட்ரோல விட்டு இறங்கி தண்ணியோட சேந்துக்கும், கீழ இருக்குற அடுக்கு 10ல இருந்து 30 பக்கம் ஏறியிருந்தா 20 சதவீதம்னு அர்த்தம். இது தோராயக் கணக்குதான், ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன வரும், அத வெச்சு பங்க்ல சண்டைக்குப் போகாதீங்க. வெட்டவெளியில பண்ணுங்க, அடுப்பு, விளக்கு பக்கத்துல வேணவே வேணாம்.

ஆனா என் கணிப்புல நீங்க பயப்பட வேண்டியது கூடுதல் எத்தனாலுக்கு இல்ல, மழைக்காலத்துல பங்க் நிலத்தடி டேங்க்ல தண்ணி இறங்குறதுக்கு. முன்னாடி சுத்த பெட்ரோல்ல தண்ணி அடியில பேசாம கிடக்கும், மேல பெட்ரோல் பெட்ரோலாவே இருக்கும். இப்ப தண்ணி இறங்கினா எத்தனாலையும் சேத்து இழுத்துக்கிட்டு அடியில பெரிய அடுக்கா நிக்கும், அது வண்டி டேங்குக்கு வந்துச்சுன்னா பங்க்ல இருந்து ரோட்டுக்கு வர்றதுக்குள்ள ஆஃப் ஆயிடும். கடலூர் மாதிரி வெள்ளம் நிக்கிற ஊர்ல, தண்ணி வடிஞ்ச முதல் ரெண்டு நாள் முழங்கால் அளவு நின்ன பங்க்ல போடாதீங்க. போட்டு வண்டி நின்னுருச்சுன்னா திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காம அப்படியே டேங்க இறக்கச் சொல்லுங்க, பில்ல பத்திரமா வையுங்க.

கேள்வி: பிரேசில்ல 30 சதவீதம் போடுறாங்களே, அங்க மட்டும் ஒண்ணும் ஆகலியா?
- வாசகர், திருச்சி

பதில்: அங்க 1975லயே திட்டம் ஆரம்பிச்சாச்சு, எவ்வளவு எத்தனால் ஊத்தினாலும் ஓடுற ஃப்ளெக்ஸ் வண்டிங்க 2003லயே வந்தாச்சு, 2025 ஆகஸ்ட்லதான் 27ல இருந்து 30க்கு போனாங்க. ஒரு தலைமுறை வண்டியே அதுக்குன்னு மாறினதுக்கு அப்புறம் போனாங்க. நாம 2014ல ஒன்றரை சதவீதத்துல இருந்து 2025ல 20க்கு வந்துட்டோம், ரோட்டுல ஓடுற வண்டியில பாதிக்கு மேல பழசு. ரெண்டையும் ஒரே தட்டுல வெக்க முடியாது.

கேள்வி: எத்தனால் விலை கம்மின்னாங்களே, அப்ப பெட்ரோல் விலை ஏன் குறையல?
- பல வாசகர்கள்

பதில்: 2021ல நிதி ஆயோக் திட்ட அறிக்கை போட்டப்ப எத்தனால் பெட்ரோல விட மலிவுதான். அப்புறம் கொள்முதல் விலைய ஏத்திக்கிட்டே வந்தாங்க, 2024-25ல கொண்டு வர்ற செலவு, ஜிஎஸ்டி சேத்து சராசரி லிட்டருக்கு 71 ரூபாய் தாண்டிருச்சுன்னு அமைச்சகமே சொல்லுது, சுத்திகரிச்ச பெட்ரோலோட விலைய விட அது ஜாஸ்தின்னும் சொல்லுது. கரும்பு, மக்காச்சோள விவசாயிக்கு அந்தக் காசு போகுது, கச்சா எண்ணெய் இறக்குமதி குறையுது, ரெண்டும் நல்லதுதான், நான் மறுக்கல. ஆனா லிட்டருக்கு ஓடுற தூரம் குறையுதுன்னு அரசாங்க அறிக்கையே ஒத்துக்கும்போது அந்தக் குறைச்சல முழுசா வண்டிக்காரன் மட்டும் தாங்கணும்னா அது நியாயம் இல்ல. எத்தனால் இல்லாத பெட்ரோலும் பங்க்ல கிடைக்கணும்னு போட்ட பொதுநல வழக்க உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1ல தள்ளுபடி பண்ணிருச்சு. அப்படியே இருந்தாலும் ஒவ்வொரு பம்ப்லயும் எத்தனை சதவீதம்னு கண்ணுக்குத் தெரியிற மாதிரி எழுதணும், பழைய வண்டிக்கு ரப்பர் கிட்ட மலிவு விலையில சர்வீஸ் சென்டருங்க குடுக்கணும். இதக் கேக்குறதுக்கு எத்தனாலுக்கு எதிரியா இருக்கணும்னு அவசியம் இல்ல.

கேள்வி: எத்தனால் சேதத்த தடுக்கும்னு பாட்டில்ல ஆடிட்டிவ் விக்கிறாங்க, வாங்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: பெட்ரோல்ல இருந்து எத்தனால எடுக்குற ஆடிட்டிவ் எதுவும் கிடையாது, ஒரு தடவ தண்ணியோட பிரிஞ்சு இறங்கினத திரும்ப கலக்கி நல்லதாக்கவும் எதாலயும் முடியாது. துரு பிடிக்காம தடுக்குற, பிசின் ஆகாம வெக்கிற ஸ்டெபிலைசர்னு ஒரு வகை இருக்கு, ரெண்டு மாசம் ஊருக்குப் போறீங்க, வண்டிய விட்டுட்டு போகணும்னா அத புது பெட்ரோல்ல ஊத்தி, டேங்க கழுத்து வரைக்கும் ரொப்பி, பத்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்தலாம். தினமும் ஓட்டுற வண்டிக்கு அந்தக் காசுல ஏர் ஃபில்டர் வாங்கிப் போடுங்க.