இரண்டு நாடுகளுக்கு ஆடிய எட் ஜாய்ஸ், பயிற்சியாளராக என்ன செய்தார்?

டப்ளினில் பிறந்த இந்த இடக்கை மட்டையாளர், அயர்லாந்துக்கு அப்போது டெஸ்ட் தகுதி இல்லாததால் மிடில்செக்ஸ் என்ற இங்கிலாந்து உள்ளூர் அணி வழியாக இங்கிலாந்து அணிக்குச் சென்றார். 2006இல் பெல்ஃபாஸ்ட்டில் அவருடைய முதல் ஒருநாள் போட்டியே அயர்லாந்துக்கு எதிராக அமைந்தது. எதிரணியில் அவருடைய சகோதரர் டொமினிக்கும் ஆடினார் என்பது வேடிக்கைதான். 2007இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 107 ஓட்டங்கள் எடுத்தும், இங்கிலாந்து அணியில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை.

2011 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்குத் திரும்பியவர், 2018இல் மலஹைடில் பாகிஸ்தானுக்கு எதிராக நடந்த அயர்லாந்தின் முதல் டெஸ்டில் தம் 39ஆம் வயதில் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார். 2019இல், முன்பு தம் சகோதரிகள் இசபெல்லும் சிசிலியாவும் ஆடிய அயர்லாந்து மகளிர் அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். அவர் பயிற்சியில் அந்த அணி 2024இல் இலங்கையை ஒருநாள் தொடரில் 2–1 என வென்றதை, அவருடைய சதங்களுக்கு நிகராகவே நான் மதிக்கிறேன்.