சுவருக்கு அப்பால் ஒரு வைஃபை பெட்டி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் வசிக்கிறோம். பக்கத்து வீட்டார் இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் வைஃபை பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் எங்கள் ஆறு மாதக் குழந்தையின் தொட்டில் தொங்குகிறது. அதன் கதிர் குழந்தையின் மூளையைத் தாக்கும் என்று கம்பத்திலிருந்து வந்த நாத்தனார் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றுதான் திருப்பூரில் இருக்கும் கணவருடன் பேசுகிறேன். பெட்டியைக் கழற்றச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: வேண்டாம், சகோதரி, தொட்டிலையும் நகர்த்த வேண்டியதில்லை. வீட்டு வைஃபை பெட்டி வெளியிடும் ரேடியோ அலையின் திறன் ஏறத்தாழ 0.1 வாட். அதுவும் தகவல் போகும் கணங்களில் மட்டுமே விட்டு விட்டு வெளிவருகிறது. தொட்டில் அரை மீட்டர் தொலைவில் இருப்பதாகவும், நடுவில் சுவரே இல்லாததாகவும் வைத்துக் கணக்கிட்டால்கூட, சதுர மீட்டருக்குச் சுமார் 0.03 வாட்தான் வந்து சேரும். அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் பொதுமக்களுக்கு வகுத்துள்ள வரம்பு அதே சதுர மீட்டருக்கு 10 வாட்.

உங்கள் நாத்தனாரை அச்சுறுத்தியது ‘கதிர்’ என்ற சொல்லாகத்தான் இருக்க வேண்டும்; எக்ஸ் கதிரையும் வைஃபை அலையையும் அந்த ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுகிறோம். எக்ஸ் கதிர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்த்தெடுத்து உடலின் செல்களைச் சேதப்படுத்தக்கூடியது; அப்படிப் பெயர்த்தெடுக்கத் தேவையான ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே வைஃபை அலையின் ஒரு துகளுக்கு உண்டு. அளவு மிகுந்தால் அது உடலைச் சூடாக்கும். நீங்கள் சொல்லும் பெட்டி அந்த அளவை நெருங்குவதே இல்லை. 2011ஆம் ஆண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மை. பின்னர் சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில் சேர்ந்தது என்பதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன வாசற்படிதான் என் கவனத்தை இழுத்தது. கோபுரம் அருகில் இருந்தால் கைபேசி மிகக் குறைந்த திறனில் பேசும். மலைமடிப்பில் சிக்னல் ஒரு கோடாகத் தேயும்போது, எட்டாத கோபுரத்தை எட்ட முழுத் திறனையும் செலவிடும். 4ஜி கைபேசியில் அந்த உச்சம் 0.2 வாட், அதாவது அந்தப் பெட்டியைப்போல் இரு மடங்கு. அதுவும் காதோடு ஒட்டி, குழந்தையின் தலைக்கு ஒரு சாண் தொலைவில். இதுவும் பாதுகாப்பு வரம்புக்கு உட்பட்டதே. ஆனாலும் குறைக்க விரும்பினால் குறைக்க வேண்டிய இடம் இதுதான். ஒலிபெருக்கியில் போட்டுக் கைபேசியைத் திண்ணையில் வைத்துப் பேசுங்கள். இன்னும் நல்லது, பக்கத்து வீட்டாரிடம் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவது. அருகிலுள்ள பெட்டியுடன் பேசும் கைபேசி அத்தனை உரக்கக் கத்த வேண்டியிராது.

கேள்வி: என் தந்தைக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளது. எங்கள் ஏலக்காய்க் கடைக் கல்லாவில் பணம் வந்ததைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் இருக்கிறது. அவர் அங்கே உட்காரலாமா?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: தாராளமாக உட்காரலாம். அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் அட்டைதான் இருக்கிறது. ஆகவே கைபேசிக்குச் சொல்லப்படும் 15 சென்டிமீட்டர் இடைவெளியை அதற்கும் கடைப்பிடித்தால் போதும். கைபேசியைச் சட்டைப் பையில் வைக்கும் பழக்கத்தை மட்டும் அவர் விட்டுவிட வேண்டும்.